பூவைப் பறிப்பது பாவமா?



புலம்பெயர்ந்த மண்ணில் சைவப் பிள்ளைகளை வளர்க்கும் எமக்கு, அப்பிள்ளைகள் கேட்கும் கேள்விகளே பெரும் பரீட்சையாக அமைந்துவிடுகின்றன. "வெள்ளிக்கிழமையில் ஏன் மச்சம் சாப்பிடக்கூடாது?" என்று கேட்டால், "ஓர் உயிரைக் கொன்று தின்பது பாவம்" என்று நாம் விடை சொல்கிறோம். சிறு வயதில் அந்த விடை போதுமாக இருக்கிறது. பாடசாலையில் உயிரியல் படிக்கத் தொடங்கியதும் அடுத்த கேள்வி வருகிறது. "செடிகொடிகளுக்கும் உயிர் உண்டுதானே? பூச்சி கடித்தால் பக்கத்துச் செடிக்குச் செய்தி அனுப்புமாமே? அப்படியென்றால் கீரையை நறுக்குவது பாவம் இல்லையா? சுவாமிக்குப் பூப் பறிப்பது பாவம் இல்லையா?"

இந்தக் கேள்விக்கு இரண்டு சுலபமான விடைகள் உண்டு. "செடிக்கு ஒன்றும் தெரியாது, பேசாமல் சாப்பிடு" என்பது ஒன்று. "எல்லாவற்றுக்கும் உயிர் உண்டுதான், ஆகவே எதையும் சாப்பிடலாம்" என்பது மற்றது. முதல் விடை விஞ்ஞானத்துக்குப் பொருந்தாது. இரண்டாவது விடை தர்மத்துக்குப் பொருந்தாது. இரண்டையும் விட்டு, நேர்மையான ஒரு விடையைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நைத்திரிக் ஒட்சைட்டு என்பது ஒரு நைதரசன் அணுவும் ஒரு ஒட்சிசன் அணுவும் சேர்ந்த மிகச் சிறிய மூலக்கூறு. உயிருள்ள கலங்களில் சில விநாடிகளே நிலைத்து நிற்கும் வாயு அது. வாகனப் புகையிலும் இருப்பதால் வெகுகாலமாக அதை நச்சு வாயு என்றே உலகம் எண்ணியிருந்தது. ஆனால் எமது உடலே அதை உண்டாக்குகிறது என்பதும், இரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரியச் செய்யும் சைகையாக அது இயங்குகிறது என்பதும் பின்னர் தெரியவந்தன. அந்தக் கண்டுபிடிப்புக்காக 1998 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு ரொபேர்ட் பேர்ச்கொட், லூயி இக்னாரோ, பெரிட் முராட் ஆகிய மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு வழங்கப்பட்டது. எமது மூத்தோர் சிலர் நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைத்திரோகிளிசரின் மாத்திரை வேலை செய்வதும் இந்த வாயுவை வெளிவிடுவதனாலேயே. வெடிமருந்தால் செல்வம் சேர்த்த அல்பிரட் நோபலுக்கே இறுதிக் காலத்தில் வைத்தியர்கள் நைத்திரோகிளிசரினைத்தான் மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள் என்பது வரலாற்றின் வேடிக்கை.

அதே 1998 ஆம் ஆண்டில்தான் செடிகளைப் பற்றிய செய்தியும் வந்தது. மாசிமோ டெல்லடோனும் அவருடன் ஆய்ந்தவர்களும் சோயாக் கலங்களிலும், டானியல் கிளெசிக்கின் குழுவினர் எமது யாழ்ப்பாணத் தோட்டக்காரர் நன்கறிந்த புகையிலையிலும் ஒரே உண்மையைக் கண்டார்கள். நோய்க்கிருமி தாக்கும்போது செடி நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கித் தன் தற்காப்பை எழுப்புகிறது. கிருமி புகுந்த இடத்தைச் சுற்றியுள்ள கலங்கள் தாமாகவே மடிந்து, நோய் மேலும் பரவாமல் வேலி போட்டுவிடுகின்றன. அதன் பின் வந்த ஆய்வுகள் வேறு பணிகளையும் காட்டின. நீர் குறையும்போது இலையின் நுண்ணிய வாய்கள் மூடிக்கொள்வதற்கும், உறங்கிக் கிடக்கும் விதை முளைப்பதற்கும், வேர் கிளைப்பதற்கும் இந்தச் சிறிய வாயு துணை செய்கிறது.

இது பெரும்பாலும் செடியின் உள்ளே நடக்கும் செய்திப் போக்குவரத்து. செடிக்கும் செடிக்கும் இடையே செல்லும் செய்திகளை வேறு ஆவிகள் சுமக்கின்றன. 1983 இல் இயன் போல்ட்வின், ஜாக் சூல்ட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், இலை கிழிக்கப்பட்ட மரக்கன்றுகளின் அருகே ஒரே காற்றில் வைத்த கன்றுகளும், தமக்குக் காயம் எதுவும் இல்லாமலே, பூச்சிகளுக்கு ஒவ்வாத பொருட்களை இலையில் கூட்டிக்கொண்டன என்று அறிவித்தார்கள். 1990 இல் மற்றோர் ஆய்வு, ஒரு காட்டுச் செடி வெளிவிடும் மெதைல் யஸ்மோனேற்று என்னும் ஆவி பக்கத்திலுள்ள தக்காளியின் தற்காப்பை எழுப்புவதைக் காட்டியது. அந்தப் பெயரே மல்லிகை இனத்துப் பூவின் எண்ணெயில் அது இருப்பதால் வந்தது. சுவாமிக்குச் சாத்தும் மாலையில் நாம் நுகரும் நறுமணத்தின் ஒரு கூறு, வேறோர் இடத்தில் அபாய அறிவிப்பாகவும் இருக்கிறது. 2023 இல் இஸ்ரேலின் தெல் அவிவ் பல்கலைக்கழகத்தினர், நீரின்றி வாடும் தக்காளியும் புகையிலையும் எமது காதுக்குக் கேளாத 'டிக்' ஒலிகளை எழுப்புகின்றன என்று பதிவு செய்து காட்டினார்கள்.

ஆகவே "செடிக்கு ஒன்றும் தெரியாது" என்ற விடையைப் பிள்ளைகளுக்கு இனிச் சொல்ல முடியாது. செடி தன் சூழலை அறிகிறது, அதற்கேற்ப நடந்துகொள்கிறது, தன்னைக் காக்கிறது.

எமது முன்னோருக்கு இது முற்றிலும் புதிய செய்தியாக இருந்திராது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள். தொடு உணர்வு ஒன்றே அவற்றின் அறிவு. இப்பாகுபாட்டில் இரண்டு உண்மைகள் சேர்ந்து நிற்கின்றன. செடியும் உயிர்தான் என்பது ஒன்று. எல்லா உயிரும் ஒரே படியில் நிற்பன அல்ல என்பது மற்றது. பின்னாளில் வங்காளத்தின் ஜகதீஷ் சந்திர போஸ் (1858-1937) இதே கேள்வியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு சென்றார். 1901 மே 10 ஆம் திகதி லண்டன் றோயல் இன்ஸ்ரிரியூசனில், தூண்டலுக்குச் செடி காட்டும் மின் அசைவுகளைக் கருவி வைத்துக் காட்டினார். 1917 இல் கல்கத்தாவில் தம் பெயரால் ஓர் ஆய்வு நிலையத்தையும் நிறுவினார். அன்று அவரை ஐயத்தோடு பார்த்தவர்கள் பலர். செடிகளில் மின் சைகைகள் ஓடுகின்றன என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். செய்தி அனுப்புவதும் வலியை அனுபவிப்பதும் ஒன்றா?

இதற்கு எமது உடலே சான்று சொல்லும். இந்த வரிகளை நாம் வாசிக்கும் இந்த நேரத்திலும் எமது இரத்தக் குழாய்களில் நைத்திரிக் ஒட்சைட்டு உண்டாகிக்கொண்டிருக்கிறது. குழாய்கள் விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கின்றன. அதை நாம் உணர்கிறோமா? இல்லை. எமக்குள்ளேயே ஆயிரம் சைகைகள் எமக்குத் தெரியாமலே போய்வருகின்றன. வீட்டில் புகை எழுந்தால் கூரையில் உள்ள கருவி அலறுகிறது; அதற்கு அச்சம் இருப்பதாக நாம் எண்ணுவதில்லை. எனவே ஒரு சைகை இருப்பதனாலேயே அங்கே வேதனை இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. லிங்கன் ரெய்ஸ் முதலான தாவரவியலாளர்கள் 2019 இல் எழுதிய கட்டுரையில், நரம்பும் மூளையும் இல்லாத செடிக்கு வேதனையை அனுபவிக்கும் உணர்வு உண்டு என்று கொள்ள ஆதாரம் இல்லை என்று திடமாகக் கூறினார்கள். "மரங்கள் பேசுகின்றன, அழுகின்றன" என்று செய்தித்தாள்கள் எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்வது சரியல்ல.

ஆட்டின் நிலை வேறு. கோழியின் நிலை வேறு. மீனின் நிலையும் வேறு. அவற்றுக்கு நரம்பு உண்டு, மூளை உண்டு, துன்பம் வரும்போது தப்பி ஓடும் தவிப்பு உண்டு. நாம் வாழும் நாட்டின் சட்டமும் இதை ஏற்றுக்கொள்கிறது. 2010 சனவரி முதல் நடைமுறையில் உள்ள நோர்வேயின் விலங்கு நலச் சட்டம், மனிதருக்குப் பயன் உண்டோ இல்லையோ விலங்குக்குத் தன்னளவில் ஒரு மதிப்பு உண்டு என்று கூறுகிறது. மீனும் நண்டும் தேனீயும்கூட அச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருகின்றன. மீன் சந்தைக்குப் பெயர் பெற்ற பேர்கன் நகரில் வாழும் எமக்கு, "மீன்தானே" என்று எண்ணும் பழக்கத்தை மீண்டும் நினைத்துப் பார்க்க இது ஒரு நல்ல காரணம்.

"இல்லை, செடிக்கும் வலிக்கும் என்றே வைத்துக்கொள்வோம்" என்று பிள்ளை விடாமல் வாதாடினால் என்ன செய்வது? நல்லது, அந்த வாதத்தையும் ஏற்றுக்கொண்டு பார்ப்போம். ஒரு கிலோ மாட்டிறைச்சிக்குப் பின்னால் அந்த மாடு தின்ற பல கிலோ புல்லும் தானியமும் இருக்கின்றன. நோர்வேயில் பண்ணைகளில் வளரும் சமன் மீனின் தீவனத்தில் பெரும்பங்கு சோயா முதலிய தாவரப் பொருட்களே. ஆகவே இறைச்சித் தட்டில் விலங்கின் உயிரோடு, அது தின்ற செடிகளின் உயிரும் சேர்ந்தே இருக்கிறது. நேராக மரக்கறியும் பருப்பும் உண்பவர் செடிகளையும் குறைவாகவே அழிக்கிறார். செடிக்கு வலிக்கும் என்று உண்மையாகவே இரங்குபவர் சைவ உணவைத்தான் மேலும் உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டும். செடியின் பெயரைச் சொல்லி ஆட்டைக் கைவிடுவது இரக்கமாகாது.

உயிர் வாழும் எவரும் பிற உயிருக்கு முற்றாகத் தீங்கு செய்யாமல் வாழ முடியாது. இதனை இந்நாட்டின் தத்துவ அறிஞர் ஆர்னே நெஸ் (1912-2009) தெளிவாக ஒப்புக்கொண்டார். பேர்கனிலிருந்து ஒஸ்லோவுக்கு ரயிலில் போகும்போது உஸ்தாஓசெற் நிலையத்துக்கு மேலே ஹல்லிங்ஸ்கார்வெற் மலைத்தொடரைப் பார்த்திருப்போம். அந்த மலையில் ஒரு சிறு குடிலைக் கட்டி, ஆண்டுக் கணக்கில் அதில் தங்கிச் சிந்தித்தவர் அவர். மகாத்மா காந்தியின் அகிம்சையை ஆழ்ந்து கற்று நூல்கள் எழுதியவர். எல்லா உயிருக்கும் வாழவும் மலரவும் சம உரிமை உண்டு என்று 1973 இல் எழுதியபோது, அதனோடு "கொள்கையளவில்" என்ற ஒரு சொல்லையும் அவர் சேர்த்துக்கொண்டார். நடைமுறையில் ஓரளவு கொலையும் பயன்படுத்தலும் தவிர்க்க முடியாதவை என்பதை மறைக்காமல் சொன்னார். தவிர்க்க முடியாதது எது, தவிர்க்கக் கூடியது எது என்று பிரித்தறிவதே அறம் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

எமது வள்ளலார் (1823-1874) வாழ்ந்து காட்டிய வழியும் இதுவே. நீரின்றிச் சோர்ந்த பயிரைப் பார்த்தே உள்ளம் நொந்தவர் அவர். அவரே 1867 இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவி, பசித்தவர்க்குச் சோறிட அடுப்பை மூட்டினார். அந்த அணையா அடுப்பு இன்றும் எரிகிறது. சோறு பயிரிலிருந்து வருவதுதானே என்று அவர் தயங்கவில்லை. பயிருக்காக நொந்ததும், பயிரின் விளைவைக் கொண்டு பசியாற்றியதும் ஒரே இரக்கத்தின் இரு பக்கங்கள். வள்ளுவரும் கொல்லாமையைப் பேசும் அதிகாரத்திலேயே பகிர்ந்து உண்பதையும் சேர்த்து வைத்திருக்கிறார். உயிரின் விளைவாகிய உணவைப் பெற்றவனுக்கு, அதைப் பகிரும் கடமையும் கூடவே வருகிறது.

அப்படியானால் செடிக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் என்ன? 2008 இல் சுவிற்சர்லாந்து அரசின் ஒழுக்கவியல் ஆலோசனைக் குழு ஒன்று செடிகளின் மதிப்பைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. தக்க காரணம் எதுவுமின்றி வழியோரக் காட்டுப் பூக்களின் தலையைக் கொய்து போடுவது போன்ற செயல்கள் ஒழுக்கத்துக்கு ஒவ்வாதவை என்று அது கூறியபோது உலகம் சிரித்தது. எமது ஊர்ப் பாட்டிமார் அந்த அறிக்கையைக் கேட்டிருந்தால் சிரித்திருக்கமாட்டார்கள். "இருட்டினபிறகு செடியில் கை வையாதே, அது நித்திரை" என்று சொல்லி வளர்த்தவர்கள் அவர்கள். காலையில் குளித்துவிட்டே பூப் பறிக்க வேண்டும், கிளையை முறிக்கக் கூடாது, கொடியில் பிற்பாடு மலர்வதற்கு மொட்டை விட்டுவைக்க வேண்டும் என்றெல்லாம் ஒழுங்கு வைத்தார்கள். வில்வ இலையைக் கழுவி மீண்டும் அருச்சனைக்குக் கொள்ளலாம் என்ற வழக்கமும் உண்டு. செடிக்கு வலிக்குமா என்று தீர்ப்புச் சொல்ல அவர்கள் காத்திருக்கவில்லை. தெரியாத இடத்தில் மென்மையாக நடந்துகொண்டார்கள். இதைவிடச் சிறந்த விடை எந்த ஆய்வுகூடத்திலிருந்தும் வரப்போவதில்லை.

எனவே "பூவைப் பறிப்பது பாவமா?" என்ற கேள்விக்கு எமது விடை இதுதான். தேவைக்கு அளவாக, நோகாமல், நன்றியோடு பறிப்பது பாவமல்ல. பறித்ததை மதிக்காமல் வீசுவது பாவம்.

இங்கே அளவு என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நைத்திரிக் ஒட்சைட்டின் கதை முழுவதும் அளவின் கதைதான். இலையில் மிகச் சிறிதளவு தோன்றும்போது அது உயிர் காக்கும் செய்தி. அளவு மீறினால் அதே பொருள் கலத்தைக் கொல்லும் நஞ்சு. நோர்வேக்கு இந்த வாயுவோடு பழைய உறவு உண்டு. 1903 இல் பேராசிரியர் கிறிஸ்தியான் பேர்க்கலான்டும் பொறியியலாளர் சாம் ஐடேயும், மின்னலைப் போன்ற மின்வில்லால் காற்றைச் சுட்டு, அதிலிருந்து நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கி உரமாக மாற்றும் வழியைக் கண்டார்கள். 1905 இல் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் பிறந்தது அதிலிருந்துதான். அந்தத் தொழிலின் நினைவாக ரியூக்கன், நோட்டொடன் ஊர்கள் 2015 இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. செயற்கை உரம் கோடிக்கணக்கானோரின் பசியைத் தீர்த்தது. அதே உரத்தை அளவின்றி இட்டதும் ஒரு முக்கிய காரணமாக, வலிகாமத்தில் பல கிணறுகளின் நீரில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைக் கடந்திருப்பதை 1980களிலிருந்து வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செடிக்கு ஊட்டியது மிஞ்சிப்போய் எமது உறவுகளின் குடிநீரில் கலந்தது. பேர்கனிலும் 2010 சனவரியில், மலைகளுக்கிடையே குளிர்காற்று மூடிபோல் தங்கியபோது வாகனப் புகையின் நைதரசன் ஒட்சைட்டுகள் மிகுந்து, ஒற்றை இரட்டை இலக்கப்படி வாகனங்களை மறிக்க வேண்டி வந்தது. நல்லதும் கெட்டதும் பொருளில் மட்டும் இல்லை. எவ்வளவு என்பதிலும் இருக்கிறது.

இந்த நோக்கில் எமது கோயில் வாழ்வுக்குச் சில யோசனைகளை அடியார்கள் முன் வைக்கிறோம்.

திருவிழாக் காலத்தில் கடைகளில் வாங்கும் ரோசாக்கள் பல, கென்யா, எத்தியோப்பியா போன்ற தூர நாடுகளில் விளைந்து, விமானத்தில் வருபவை. கூடை கூடையாகக் குவிப்பதைவிட, வீட்டு யன்னலோரத்தில் ஒரு துளசிச் செடியை வளர்த்து, அதில் நான்கு இலையைப் பிள்ளையின் கையால் பறித்துக் கொண்டுவந்து கொடுப்பது எமது வழிபாட்டுக்குக் குறைவாகாது. நோர்வேயின் இருண்ட மாதங்களில் ஒரு துளசியைக் காப்பாற்றப் படும் பாட்டில், ஓரறிவு உயிரின் அருமை பிள்ளைக்குத் தானாகவே விளங்கும். நிர்மாலியப் பூக்களைப் பிளாத்திக்கோடும் நூலோடும் சேர்த்துக் குப்பையில் இடாமல், பிரித்து உக்கவைத்து மண்ணுக்கே திருப்பலாம்.

அன்னதானத்தில் முதலில் கொஞ்சமாகப் பரிமாறி, வேண்டுவோர் மீண்டும் கேட்டு வாங்கும் வழக்கத்தைப் பழக்கலாம். தட்டில் மிஞ்சிக் குப்பைக்குப் போகும் சோறு, பயனின்றி அறுக்கப்பட்ட நெற்பயிர். சைவச் சாப்பாடு என்ற பெயர் மட்டும் அந்த வீணுக்கு நியாயம் ஆகாது.

கடைசியாக, வெள்ளிக்கிழமைகளிலும் கந்தசஷ்டியிலும் மட்டும் சைவமாக இருப்போர் எம்மிடையே பலர் உண்டு. அவர்களைக் குறை சொல்லுவது எமது நோக்கம் அன்று. ஆனால் பிள்ளைகள் கேட்கும்போது "சுவாமி கோபிப்பார்" என்று சொல்லி வாயை அடைக்காமல், "இன்றைக்கு ஓர் உயிரின் துன்பத்தைக் குறைக்கிறோம், முடிந்தால் இன்னும் ஒரு நாள் கூட்டுவோம்" என்று சொல்லலாம். அச்சத்தால் வந்த விரதம் பிள்ளை வளர்ந்ததும் கழன்றுவிடும். இரக்கத்தால் வந்த விரதம், கோயில் இல்லாத ஊருக்குப் படிக்கப் போனாலும் கூடவே போகும்.

செடி எமக்குச் செய்தி அனுப்புகிறதோ இல்லையோ, பிள்ளைகள் அனுப்பிவிட்டார்கள். அதற்கு நேர்மையாக மறுமொழி சொல்வது எமது பொறுப்பு.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணை செய்வதாக.